போய் வந்தவர்களும் வந்து சேர்ந்தவர்களும்



ஆனர்ஸ் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் இருந்த பி.ஏ. ஆனர்ஸ் படிப்பு நினைவுக்கு வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்று நடக்கிற ஆனர்ஸ் வேறு மாதிரி. பல்லாயிரம் பேர் படிக்கிற ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குள், நன்றாகப் படிக்கிற ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்குச் சிறு வகுப்புகள், சேர்ந்து தங்க விடுதி, கடைசி ஆண்டில் ஓர் ஆய்வேடு என்று தனிப் பாதை. அந்தப் பிள்ளைகள் வெளிநாடு போய்ப் படிப்பதைப் பற்றியும், திரும்பி வந்து தங்கள் வளாகத்தில் மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதைப் பற்றியும் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். பல்கலைக்கழகங்களில் இந்த இரண்டுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனி அதிகாரிகள். எனக்கு இரண்டும் ஒரே விஷயமாகத்தான் படுகிறது. பிறர் ஊரில் அந்நியராக நின்று பார்த்தவருக்குத்தான், தன் ஊரில் அப்படி நிற்கிறவர் கண்ணில் படுகிறார்.

அமெரிக்க ஆனர்ஸ் கல்விக்கு வேரே ஒரு வெளிநாட்டுப் பயணம்தான். இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ஃபிராங்க் அய்டலாட், ரோட்ஸ் உதவித்தொகை பெற்று 1905ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். ஆசிரியர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்துப் பழகியவருக்கு அங்கே எல்லாம் புதிது. கட்டுரை எழுதிக்கொண்டு போய் ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்து வாசிக்க வேண்டும், அவர் கேட்கிற கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். இதே அய்டலாட் 1921இல் பிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியின் தலைவரானார். மறு ஆண்டே அங்கே ஆனர்ஸ் திட்டத்தைத் தொடங்கிவிட்டார். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டை அப்படியே கொண்டுவந்து நடவில்லை. ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்பதை, ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் என்று மாற்றினார். கட்டுரையை ஆசிரியர் மட்டும் கேட்டால் போதாது, கூடப் படிக்கிறவர்களும் படித்து வாதாட வேண்டும் என்று வைத்தார்.

இதில் இரண்டு ஏற்பாடுகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்று, தேர்வு. அங்கே ஆனர்ஸ் மாணவர்களைச் சோதிக்க வெளியிலிருந்து பேராசிரியர்கள் வருகிறார்கள்; எழுத்துத் தேர்வும் உண்டு, நேரில் உட்காரவைத்துக் கேட்பதும் உண்டு. ஆனர்ஸ் தகுதியை முடிவு செய்வது பாடம் சொல்லிக் கொடுத்தவர் இல்லை என்பதால், அவரும் மாணவரும் ஒரே பக்கம் நின்று பரீட்சைக்குத் தயாராகிறார்கள். இன்னொன்று, தின்பண்டம். வாரம் ஒரு நாள் நடக்கிற அந்த வகுப்பு பல மணி நேரம் நீளும், நடுவில் ஓர் இடைவேளை. அதற்குத் தின்ன ஏதாவது கொண்டு வருவது மாணவர்களுடைய முறை. இந்த வாரம் நீ, அடுத்த வாரம் நான். ஒருவர் எழுதியதை மற்றவர் வரிக்கு வரி கிழித்துப் போட்ட பிறகு, அவர் கொண்டு வந்ததை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வாதத்துக்கு உட்கார வேண்டும். கருத்தில் மோதிக்கொண்டே உறவாக இருக்கலாம் என்பது பிள்ளைகளுக்கு அந்த மேசையில் பழகிவிடுகிறது.

நூறு ஆண்டுகளில் இது வளர்ந்து பெரிய நிறுவனமாகிவிட்டது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாரெட் ஆனர்ஸ் கல்லூரிக்கு டெம்பி நகரில் தனி வளாகமே உண்டு. 2009இல் திறந்தார்கள். விடுதி, வகுப்பறை, உணவுக்கூடம் எல்லாம் அதற்குள்ளேயே. முதலாண்டில் எல்லாரும் கட்டாயம் படிக்கிற ஒரு பாடம் இருக்கிறது. பழங்காலம் தொட்டு மனிதர்கள் எழுதி வைத்ததையெல்லாம் எடுத்துப் படித்து விவாதிப்பது. கடல் போன்ற பல்கலைக்கழகத்தில் வந்து விழுகிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் கிடைக்கிறார்கள். ஆனால் அதே இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஒரே மாதிரி மதிப்பெண், பெரும்பாலும் ஒரே மாதிரி வீட்டுப் பின்னணி, ஒரே உணவுக்கூடம். வெளியே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே நாலு வருஷத்தைக் கழித்துவிட முடியும். ஆனர்ஸ் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் படிப்பு ஓர் அலங்காரம் இல்லை, மிகவும் தேவையான ஒன்று என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஸ்வார்த்மோரில் அய்டலாட் தொடங்கிய மறு ஆண்டு, அங்கிருந்து அதிக தூரமில்லாத டெலவேர் பல்கலைக்கழகத்தில் இன்னொரு காரியம் நடந்தது. ரேமண்ட் கிர்க்பிரைட் என்று ஒரு பிரெஞ்சு ஆசிரியர். முதல் உலகப் போரில் பணியாற்றிவிட்டு வந்தவர். நம் மாணவர்கள் மூன்றாம் ஆண்டுப் படிப்பைப் பிரான்சிலேயே படிக்கட்டும், அதை நாம் இங்கே கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று கேட்டார். பல்கலைக்கழகம் பணம் தர முன்வரவில்லை. தலைவர் வால்ட்டர் ஹலிஹன் அவருக்குத் துணை நின்று, தொழிலதிபர் பியர் டு பான்ட் போன்றவர்களின் ஆதரவைத் தேடிப் பிடித்தார். 1923ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, நியூயார்க் துறைமுகத்திலிருந்து ரோஷம்போ என்ற கப்பலில் எட்டு மாணவர்கள் புறப்பட்டார்கள். முதலில் மொழிப் பயிற்சி, பிறகு பாரிஸில் சொர்போன். இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் சர்வ சாதாரணமாகிவிட்ட மூன்றாம் ஆண்டு வெளிநாட்டுப் படிப்புக்கு இந்த எட்டுப் பேர்தான் பிள்ளையார் சுழி. 1925இல் ஸ்மித் கல்லூரி தன் மாணவிகளைப் பாரிஸுக்கு அனுப்பியது.

அந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர்கள் இருந்த காலம். ஒரு முழு ஆண்டு. வீட்டுக்குக் கடிதம் போய்ப் பதில் வர வாரக்கணக்காகும். அலுப்பாக இருந்தாலும் ஏக்கமாக இருந்தாலும், பக்கத்தில் இருக்கிறவரோடு அவர் மொழியில் பேசித்தான் ஆக வேண்டும். இன்று நிலைமை வேறு. வெளிநாடு போகிற அமெரிக்க மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எட்டு வாரத்துக்குள், அல்லது ஒரு கோடை விடுமுறைக்குள் திரும்பிவிடுகிறார்கள். சொந்தக் கல்லூரிப் பேராசிரியரோடு, சொந்தக் கல்லூரித் தோழர்களோடு கூட்டமாகப் போய், கூட்டமாகத் தங்கி, கூட்டமாகத் திரும்புகிற பயணங்கள் அதில் நிறைய. அந்த ஊருக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு தாமரை இலைத் தண்ணீர் போல இருந்துவிடுகிறது. இரவில் கைப்பேசியில் பேசுவதும் பழைய சிநேகிதர்களோடுதான்.

குறுகிய பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறுகிய காலத்திலும் கண்ணைத் திறக்க வைக்கலாம் என்று காட்டியவர்கள் ஆனர்ஸ் ஆசிரியர்கள்தான். ப்ரூக்ளினில் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெர்னிஸ் பிரெய்ட் என்ற பேராசிரியை, 1970களில் தொடங்கி, நகரத்தையே பாடப் புத்தகமாகப் படிக்கிற ஒரு முறையை உருவாக்கினார். 1966இல் அமைந்த தேசிய ஆனர்ஸ் மன்றம் அதைப் பரப்பியது. முறை எளிதுதான். மாணவர்களை மூன்று நான்கு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் நகரத்தின் ஒரு பகுதிக்கு அனுப்புகிறார்கள். கூட வழிகாட்டி வரமாட்டார். அருங்காட்சியகத்தையும் நினைவுச் சின்னத்தையும் பார்த்துவிட்டு வா என்று சொல்வதும் இல்லை. கையில் இருப்பது கேள்விகள் மட்டும். காலையில் இந்தத் தெருவிலிருந்து யார் வேலைக்குப் போகிறார்கள், எதில் போகிறார்கள்? கடையில் என்ன விற்கிறது, எந்த மொழியில் விலை கேட்கிறார்கள்? உட்கார இடம் இருக்கிறதா? யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரைக் காணோம்? நாம் நின்று பார்க்கும்போது நம்மை யார் பார்க்கிறார்கள்? அந்தி நேரத்தில் எல்லாக் குழுக்களும் ஓரிடத்தில் கூடுகின்றன. ஒருவர் அமைதியான தெரு என்று சொன்னதை, கூடப் போன இன்னொருவர் பயமாக இருந்தது என்று சொல்வார். ஒரே தெருவை இரண்டு பேர் இப்படி இரண்டாகப் பார்த்தது ஏன் என்று பேசத் தொடங்கும்போது பாடம் சூடு பிடிக்கிறது. பிறகு எழுத வேண்டும்.

பல ஆனர்ஸ் கல்லூரிகள் இதே நடையைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் சொந்த வளாகத்திலேயே வைக்கின்றன. தினமும் கடந்து போகிற இடத்தைப் புது ஊர் போலப் பார்க்கச் சொல்வது. அதிகாலையில் தரை துடைத்துவிட்டுப் போகிறவர் யார், நூலகத்தில் இரவு வெகு நேரம் தனியாக இருக்கிறவர் யார் என்று அப்போதுதான் தெரிகிறது. வெளிநாடு அனுப்பப் பணமில்லாத கல்லூரியும் இதைச் செய்யலாம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்தக் கதையில் மதுரைக்கு ஓர் இடம் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1960களில் தொடங்கிய இந்தியக் கல்வியாண்டுத் திட்டத்தில் மாணவர்கள் வந்து தங்கிப் படித்த ஊர்களில் மதுரையும் ஒன்று. புறப்படுவதற்கு முந்தைய கோடையில் மேடிசன் நகரிலேயே தமிழ் படித்துவிட்டு வருவார்கள். ஓபர்லின் கல்லூரியோடு சேர்ந்த ஷான்ஸி அமைப்பு, பட்டம் முடித்த இளைஞர்களை மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் அனுப்பி வந்திருக்கிறது. ஒரு தடவை வந்தால் இரண்டு ஆண்டு. சிறு கல்லூரிகள் சில சேர்ந்து நடத்திய தென்னிந்தியப் பருவத் திட்டத்துக்கும் மதுரைதான் இருப்பிடம். வீடுகளில் தங்குவது, தமிழ் படிப்பது, ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கி ஆராய்வது, இந்த மூன்றும் இங்கே வந்தவர்களின் வழக்கம்.

அப்படி ஒரு மாணவியை வீட்டில் வைத்திருந்த ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அந்தப் பெண் தன் ஆனர்ஸ் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டது, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் பூக்கட்டி விற்கிற பெண்களின் வரவு செலவு. முதலில் நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றிருக்கிறாள். இன்றைக்கு எவ்வளவு முதல், எவ்வளவு லாபம் என்று கேட்டால் யார் சொல்வார்கள்? வியாபார நேரத்தில் கணக்குக் கேட்கிறவளைப் பார்த்து எல்லாரும் சிரித்து மழுப்பியிருக்கிறார்கள். ஒரு பாட்டிதான், "ஏத்தா, சும்மா கேட்டுக்கிட்டே இருந்தா எப்படி? இந்தா, நாரைப் பிடி" என்று உட்கார வைத்திருக்கிறார். நனைத்த வாழைநாரை இடது கையில் பிடித்து, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்துச் சுற்றி முடிச்சுப் போட அவளுக்கு வெகு நாள் பிடித்தது. அவள் கட்டியதைப் பாட்டி பிரித்துவிட்டு மறுபடியும் கட்டுவாராம். ஆனால் கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. காலையில் தண்டலுக்குப் பணம் வாங்கிப் பூ எடுப்பது, முகூர்த்த நாளில் மல்லிகை விலை எகிறுவது, மொட்டு விரிந்துவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது, வாடிக்கைக்காரர்களுக்கு முழத்துக்கு மேல் ஒரு பிடி கூட்டிக் கொடுப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் இதில் பாதிகூடக் கிடைத்திருக்காது. வீட்டில் அந்த அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, அன்றைக்குக் கேட்டதில் புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வாளாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட ஓர் ஆண்டு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. விடுதிக் கட்டணத்துக்காகப் பகுதி நேர வேலை பார்க்கிற பிள்ளை, வெளிநாடு போனால் அந்த வருமானத்தை இழக்கிறது. அரசின் பெல் உதவித்தொகை வாங்குகிற, வசதி குறைந்த மாணவர்கள் வெளிநாடு போக உதவும் கில்மன் உதவித்தொகைக்கு 2000ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் சட்டம் வந்தது. டெலவேரின் எட்டுப் பேர் போய் எழுபத்தேழு ஆண்டுக்குப் பிறகு! ஆனர்ஸ் கல்லூரிகளும் தங்கள் பிள்ளைகளுக்குப் பயண உதவி கொடுக்கின்றன. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷ்ரையர் ஆனர்ஸ் கல்லூரி அவற்றில் ஒன்று. பணம் மட்டும் தடையாக இருந்தால் பரவாயில்லை, கொள்ளைநோயும் வந்தது. 2018-19 கல்வியாண்டில் 3,47,099 அமெரிக்க மாணவர்கள் வெளிநாட்டில் படித்தார்கள். 2020-21இல் அந்த எண்ணிக்கை 14,549. 2022-23இல் 2,80,716 ஆக ஏறியது. நடுவில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு போனது போனதுதான்.

சரி, போனவர்கள் திரும்பி வந்த பிறகு? இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, இதுதான் கடினமான பகுதி. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்காவுக்கு வந்து போன நார்வே நாட்டினர் இருநூறு பேரை ஆராய்ந்து, ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் 1955இல் ஒரு கட்டுரை எழுதினார். போன புதிதில் மனசு நன்றாக இருக்கிறது, சில மாதத்தில் சோர்ந்து விழுகிறது, பிறகு மெல்ல ஊரோடு ஒட்டி எழுகிறது என்று அவர் கண்டார். ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் 1963இல் அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்கள். சொந்த ஊருக்குத் திரும்பியதும் அதே சோர்வு இரண்டாம் தடவை வருகிறது என்றார்கள். முதல் சோர்வை எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். சொந்த வீட்டில் வருகிற இரண்டாவதுக்கு யாரும் தயாராக இல்லை. பூக்கட்டக் கற்ற அந்தப் பெண் மதுரை அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், தோழிகள் எப்படி இருந்தது என்று கேட்டார்கள், நன்றாக இருந்தது என்றேன், அதோடு பேச்சு முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தாளாம். பிறகு வெளிநாட்டு மாணவர்கள் வாரம் ஒரு நாள் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிற இடத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். அங்கேதான் ஒருவர் சொல்வதை மற்றவர் முழுக்கக் கேட்டார்கள். இத்தனை நாளாக அந்தக் கூட்டம் அவள் விடுதிக்குப் பக்கத்துக் கட்டடத்திலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அமெரிக்க வளாகங்களில் அப்படிப்பட்ட கூட்டங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1909ஆம் ஆண்டு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிகளில் ஹாரி எட்மண்ட்ஸ் என்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த ஒரு சீன மாணவரைப் பார்த்துக் காலை வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார். அந்த மாணவர் நின்றுவிட்டார். நியூயார்க்குக்கு வந்து மூன்று வாரமாகிறது, என்னோடு பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றார். எட்மண்ட்ஸ் வீட்டுக்குப் போய் மனைவி ஃபுளோரன்ஸிடம் சொன்னார். வெளிநாட்டு மாணவர்களைத் தங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடத் தொடங்கினார்கள். ஞாயிறு மாலை விருந்துகள் பெருகின. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் பணம் கொடுக்க, 1924இல் நியூயார்க்கில் சர்வதேச மாணவர் இல்லம் திறந்தது. அமெரிக்க மாணவர்களும் அயல்நாட்டு மாணவர்களும் ஒரே கூரையின் கீழ் தங்கும் வீடு.

அடுத்து பெர்க்லி. அங்கே எட்மண்ட்ஸ் இடம் தேர்ந்த விதம் அவருடைய துணிச்சலைக் காட்டுகிறது. பீட்மான்ட் அவென்யூ என்ற தெரு, வெள்ளை மாணவர்களின் சங்க விடுதிகள் வரிசையாக இருந்த தெரு. ஆசிய நாட்டு மாணவர்களுக்கு அந்த ஊரில் வாடகைக்கு அறை கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. ஒதுக்குகிறவர்கள் நடுவிலேதான் இந்த வீடு வர வேண்டும் என்று அவர் அந்தத் தெருவைத் தேர்ந்தார். அக்கம்பக்கத்து வீட்டுச் சொந்தக்காரர்கள் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். பல இனத்தாரும், அதிலும் ஆணும் பெண்ணும், ஒரே கட்டடத்தில் தங்குவதாவது என்று கொதித்தார்கள். 1930இல் அந்த இல்லம் திறந்தது. இன்றும் இருக்கிறது. சமூக உறவு தானாக வளரும் என்று காத்திருந்தால் அது நடந்திருக்காது. யாரோ ஒருவர் இடம் பிடித்து, சமையலறை கட்டி, எதிர்ப்பைத் தாங்கி நின்றதால் நடந்தது.

இன்றைய நிலையில் எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. 2023-24ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 11,26,690 அயல்நாட்டு மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் இந்தியர் 3,31,602 பேர், மற்ற எந்த நாட்டையும் விட அதிகம். நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் கணிசமாக இருக்கிறார்கள். பெரும்பாலோர் மேற்படிப்புக்குப் போனவர்கள். வளாகத்துக்கு வெளியே நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு அடுக்ககம் எடுத்து, ஒருவர் சாம்பார் வைக்க ஒருவர் பாத்திரம் கழுவ, தங்களுக்குள்ளேயே ஓர் ஊரை அமைத்துக்கொள்கிறார்கள். ஆனர்ஸ் பிள்ளைகள் வளாகத்துக்கு உள்ளே, தங்கள் விடுதியில். இரண்டு கூட்டமும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. முதலாண்டுக் கணக்கு வகுப்பிலும் ஆய்வுக்கூடத்திலும் உதவி ஆசிரியராக நிற்பது பல நேரம் நம் ஊரிலிருந்து போன ஆராய்ச்சி மாணவர்தான். வாரம் இரண்டு முறை முகம் பார்க்கிறார்கள், விடைத்தாள் கை மாறுகிறது, பருவம் முடிகிறது. அவர் எந்த ஊர்க்காரர் என்று மாணவருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு அந்த மாணவர் சென்னைக்கோ மதுரைக்கோ படிக்க வரலாம் என்பது அவருக்கும் தெரியாது.

ஆனர்ஸ் கல்லூரிகள் மனசு வைத்தால் இதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. வெளிநாடு போகவிருக்கிற பிள்ளைகளின் ஆயத்த வகுப்புக்கு அந்த உதவி ஆசிரியர்களைக் கூப்பிடலாம். போய் வந்தவர்கள் ஆய்வேட்டைப் படித்துக் காட்டுகிற நாளில் அவர்களையும் மேசையைச் சுற்றி உட்கார வைக்கலாம். தண்டல் வட்டியைப் பற்றி ஓர் அமெரிக்கப் பெண் எழுதியதை, தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பதைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்கட்டும், தப்பு இருந்தால் சொல்லட்டும். இங்கிருந்து பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோரும் ஒன்று சொல்லி அனுப்பலாம். அங்கே போன முதல் வாரத்திலேயே சர்வதேச மாணவர் இல்லம் எங்கே, வாராந்தரக் கூட்டம் எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டு ஒரு தடவையாவது போய் வரச் சொல்லுங்கள். கையில் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.